பூங்கோதை எடுத்த நாலு பாடம்

அரைக்கிணத்தூருக்கு அந்தப் பேர் வந்ததே நம்ம ஆட்களின் கீழ்ப்படிதலால்தான். கிணறு வெட்டக் கூட்டி வந்த மேஸ்திரி, "தண்ணி வர்ற வரைக்கும் தோண்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். ஆறடி தோண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. சொன்ன வேலை முடிந்தது என்று எல்லோரும் மேலே ஏறி, மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் குழிக்கு இன்றைக்கும் ஊர் வருஷாவருஷம் வெள்ளையடிக்கிறது.

அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து ஒரே வருஷத்தில் நாலு பயல்கள் கல்லூரிக்குப் போனார்கள் என்றால் சும்மாவா? சுடலைமணி, இசக்கிராஜ், பேச்சிமுத்து, மாசாணம். போன இடமும் லேசுப்பட்டதில்லை, லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. அங்கே சேரும்போதே இன்ன பாடம் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் வருஷம் நாலு துறையில் நாலு பாடம் படித்துப் பார்த்துவிட்டு, வருஷக் கடைசியில் ஒன்றை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். என்ன படிக்கப் போகிறோம் என்று தெரியாதவர்களுக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது என்று கேட்டதும், நம்ம ஊரை மனதில் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நாலு பேரும் முடிவு கட்டினார்கள்.

மாசாணத்துக்கு மட்டும் ஒரு கெடு இருந்தது. தாய்மாமன் முத்தையாவுக்கு மூவாயிரம் கோழி உள்ள பண்ணை. பஸ் ஏற்றிவிட வந்தவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "வருஷம் முடியதுக்குள்ள ஒரு பாடம் உன் பேருக்கு வந்துரணும். வரலைன்னா வந்து கோழியப் பாத்துக்க." மாசாணத்துக்குக் கோழி ஆகாது. கோழிகளுக்கும் அவனைக் கண்டால் ஆகாது, மற்றவர்களை விட்டுவிட்டு அவன் காலைத்தான் கொத்தும். கோழிக்கும் தனக்கும் புத்தியில் போட்டி வைத்தால் கோழிதான் ஜெயிக்கும், அந்த இளக்காரத்தில்தான் கொத்துகிறது என்று அவனே சொல்வான். தன்னைப் பற்றி அவனுக்கு அவ்வளவு தெளிவு.

கல்லூரியில் வழி சொல்வதற்கென்று ஜெபக்கனி மேடத்தைப் போட்டிருந்தார்கள். பொறுமைசாலி. பாடத்தை அடுத்தவர் சொல்லிக் கேட்டு எடுக்காதீர்கள், எல்லா வகுப்பிலும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அவர் சொன்னார். நாலு பேரும் தலையாட்டிவிட்டு, கூட்டம் இல்லாமல் நிம்மதியாக உட்காரலாம் என்று ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனார்கள். காவல்காரரிடம் சாவி வாங்கி, ஒவ்வொரு வகுப்பாகத் திறந்து, ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். மாசாணம் குறித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் மேடத்திடம் அறிக்கை போயிற்று. பொருளாதாரம் ஆடுகிறது, கீழே அட்டை மடித்து வைக்க வேண்டும். தத்துவத்தில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. வரலாறு நல்ல பாடம், நேர் மேலே ஃபேன். மேடம் அறிக்கையை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். பிறகு நாலு படிவத்தையும், எப்படி நிரப்ப வேண்டும் என்பதற்கு ஏற்கெனவே நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்றையும் எடுத்துக் கொடுத்து, "இதுல இருக்க மாதிரியே நிரப்பிப் பெட்டியில போட்டுருங்க. அடிச்சு எழுதக் கூடாது" என்றார். அதோடு தன் தலைவலி தீரும் என்று நினைத்தார், பாவம்.

மாதிரிப் படிவத்தில் பெயர் என்ற இடத்தில் கு. பூங்கோதை என்று இருந்தது. பெண் என்ற கட்டத்தில் டிக். புகைப்படத்துக்கு விட்ட இடத்தில் ரெட்டைச் சடையோடு ஒரு வட்ட முகம் வரைந்திருந்தது. பாடங்கள்: உலக வரலாறு, உளவியல், புள்ளியியல், நாடகம். ஓரத்தில் ஒரு டீக் கறை.

விடுதி அறையில் ஆலோசனை நடந்தது. பேச்சிமுத்துவுக்கு ஒரு சந்தேகம்.

"பேருக்கு நேர நம்ம பேர எழுதணுமோ?"

"அதுல இருக்க மாதிரியேன்னு மேடம் சொன்னாவளா, இல்லையா?" என்றான் இசக்கிராஜ்.

"சொன்னாவ."

"அதுல பேச்சிமுத்துன்னு இருக்கா?"

"இல்ல."

"பொறவு என்னலே?"

நாலு பேரும் பூங்கோதை என்று அழகாக எழுதினார்கள். ரெட்டைச் சடையை வரைந்தார்கள். சுடலைமணி கேண்டீனுக்குப் போய் நாலு டீ வாங்கி வந்தான், கறை அதே இடத்தில் விழ வேண்டுமே. பெண் என்ற கட்டம் வந்தபோது மாசாணத்தின் கை நின்றது. மூவாயிரம் கோழியும் கண் முன்னால் வந்து நின்றதும் டிக் தானாக விழுந்தது.

அலுவலகத்தில் படிவங்களைப் பிரித்த கிளார்க், பூங்கோதை என்ற பிள்ளை பதற்றத்தில் நாலு தடவை போட்டுவிட்டது போலிருக்கிறது என்று மூன்றைக் கிழித்தார். ஒரு சேர்க்கை எண், ஒரு அடையாள அட்டை வந்தது. அட்டையில் ரெட்டைச் சடை முகம்கூட அப்படியே வந்திருந்தது. முதல் வகுப்பில் ஆசிரியர் பூங்கோதை என்று கூப்பிட, நாலு பேரும் எழுந்து நின்றார்கள். ஒரு பேருக்கு ஒருத்தர் எழுந்தால் போதும் என்று அவர் சத்தம் போட்டார்.

அதுவும் நியாயம்தான். பூங்கோதை ஒருத்தி, பாடம் நாலு, ஆளும் நாலு. ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். ஃபேனுக்கு ஆசைப்பட்டு சுடலைமணி வரலாற்றை எடுத்தான். இசக்கிராஜுக்கு உளவியல், பேச்சிமுத்துவுக்குப் புள்ளியியல். மிச்சம் கிடந்த நாடகம் மாசாணத்தின் தலையில் விழுந்தது.

நாடக ஆசிரியர் பூங்கோதை என்று கூப்பிட்டதும் மீசையோடு ஒருத்தன் எழுந்ததைப் பார்த்து அசரவில்லை. இந்தத் துறையில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிட்டார். அவனை நடுவில் நிறுத்தி, "நீ ஒரு மரம். நான் சொல்றவரை அசையக் கூடாது" என்றார். அதற்குள் யாரோ கூட்டம் என்று கூப்பிட, மறந்தே போனார். சாப்பாட்டு மணி அடித்தது, அறை காலியானது, மாசாணம் நின்றான். மூக்கு அரித்தது, நின்றான். நாலு மணிக்குக் குடையை எடுக்க வந்த ஆசிரியர் பார்த்தால், மாசாணத்தின் தோளில் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கிறது.

இருபது வருஷத்தில் இப்படி ஒரு மரத்தை நான் பார்த்ததில்லை என்று அவர் மாசாணத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். மாசாணத்துக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னதைச் சொன்னபடி செய்ததற்கு அதுவரைக்கும் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் வசவுதான். படித்தால் இதுதான், செத்தாலும் இதுதான் என்று அன்றைக்கே மனதுக்குள் எழுதிவிட்டான்.

வருஷம் முழுக்க ஒரே ஒரு பாடத்தைப் படித்தால் மார்க் வராமல் எங்கே போகும்? நாலு பாடத்திலும் பூங்கோதைதான் முதல். கல்லூரியே அசந்துபோயிற்று. முதன்மைப் பாடம் எழுதிக் கொடுக்கக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை, ஜெபக்கனி மேடம் அந்தக் கெட்டிக்காரப் பெண்ணைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு ஆள் அனுப்பினார். நாலு பேரும் தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றார்கள்.

விஷயத்தைக் கேட்டு முடித்த மேடம் ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு, அவரவர் சொந்தப் பேரில் புதுப் படிவம் எழுதுங்கள், மார்க்கை அவரவர் பேருக்கு மாற்ற ஒரு மாதம் ஆகும், அதுவரை வாயைத் திறக்காதீர்கள் என்றார். வரலாறு, உளவியல், புள்ளியியல் மூன்றிலும் இடம் இருந்தது. மூன்று பேரும் எழுதிக் கொடுத்தார்கள். நாடகத்தில்தான் சிக்கல். இருந்தது ஒரே இடம், முதல் மார்க் வாங்கியவருக்கு. மாசாணம் என்ற பேருக்கு நேரே இன்னும் ஒரு மார்க்கும் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"எனக்கு வேண்டாம் மேடம். பூங்கோதைதான் முதல் மார்க். ஒரு பொம்பளப் பிள்ளை கஷ்டப்பட்டுப் படிச்சு வாங்குன இடத்த நான் எடுத்தா உருப்படுவனா? நான் கோழிப் பண்ணைக்கே போயிருதேன்."

"நீதாம்ப்பா பூங்கோதை" என்றார் மேடம். "இப்போதைக்குப் பூங்கோதைன்னே எழுதிக் குடு. பேரை நான் சொல்லும்போது மாத்திக்கலாம்."

மாசாணத்துக்கு இது புதுச் செய்தி. ஆனாலும் படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பூங்கோதை என்று கையெழுத்துப் போட்டான். மேடம் மறுநாளே நீண்ட விடுப்பில் போய்விட்டார். திரும்பி வந்து சொல்லும்வரை தான் பூங்கோதைதான் என்று மாசாணம் உறுதியாக இருந்தான்.

இதற்கிடையில் முத்தையா மாமா, மாசாணத்துக்கு என்ன பாடம் வந்திருக்கிறது என்று கேட்டுக் கல்லூரிக்குக் கடிதம் எழுதியிருந்தார். மாசாணம் என்ற பெயரில் இங்கே எவரும் இந்த ஆண்டு நாடகமோ வேறு பாடமோ பயிலவில்லை என்று சீல் வைத்துப் பதில் போயிற்று. அடுத்த பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். வாசலிலேயே மாசாணத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். அவரும் அரைக்கிணத்தூர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"ஏலே மாசாணம், மாசாணத்தக் காணலயாம்ல."

மாசாணம் கடிதத்தை வாங்கி ரெண்டு தடவை படித்தான். "சீல் வச்சிருக்காவளே மாமா. அப்ப உண்மைதான்."

"அப்ப நீ யாரு?"

அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். மாமா பேரைப் படித்தார், ரெட்டைச் சடையைப் பார்த்தார், சட்டென்று தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு ரெண்டு அடி தள்ளி நின்றார். தெரியாமல் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே தாயி என்று மன்னிப்பும் கேட்டார்.

அப்புறம் ரெண்டு பேருமாகத் தேடினார்கள். சாப்பாட்டுக் கூடம், நூலகம், வரலாற்று ஃபேனுக்குக் கீழே, ஒன்று விடவில்லை. நேரம் ஆக ஆக மாசாணத்துக்கும் பகீரென்றது. "நல்ல பய மாமா. கொஞ்சம் மந்தம். யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிருவான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கடைசியில் மாமா அலுத்துப்போய் வாசல் படியில் உட்கார்ந்தார். பண்ணைக்கு ஆளில்லையே என்று புலம்பியவர், அவன் கிடைக்கிற வரைக்கும் நீயாவது வர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மாசாணம் அவசரமாக அட்டையை மறுபடி எடுத்துக் காட்டினான்.

"எனக்கு நாடகம் கெடச்சிருக்கே மாமா."

"அதுஞ்சரிதான்" என்று மாமா எழுந்தார். "அடுத்த வீட்டுப் பிள்ளையப் போய்க் கோழி பாக்கக் கூப்புடுதேன் பாரு, எனக்கு அறிவு இல்ல." பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மாசாணத்தக் கண்டா, மூவாயிரம் கோழியும் காத்துக் கெடக்குன்னு சொல்லிரு தாயி. அவன் வர்ற வரைக்கும் இங்கனயே பாத்துக்கிட்டு இரு."

சரி மாமா என்று மாசாணம் தலையாட்டினான். அன்றைக்கிலிருந்து வகுப்பு விட்டதும் கல்லூரி வாசலில் வந்து நின்றுகொள்கிறான், மரம் மாதிரி, அசையாமல். போகிற வருகிற முகத்தையெல்லாம் உற்றுப் பார்க்கிறான். அந்தப் பயலை இன்னும் காணவில்லை.