மேட் அடிக்கத் தெரிந்தவர்கள்

"ஏன் மாஸ்டர் நம்ம பசங்கள எடுக்க மாட்டேங்கறாங்க?"

கேட்டு முடிப்பதற்குள் ரெஜினாவுக்கு மூச்சு வாங்கியது. கடைத்தெருவிலிருந்து மைதானம் வரை சைக்கிளை அழுத்தி மிதித்து வந்திருந்தாள்.

சகாயம் மாஸ்டர் நிமிரவில்லை. ஷெட் வாசலில் உட்கார்ந்து, மேட்டின் பிரிந்த ஓரத்தைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் புல் பிட்ச் கிடையாது. மண் தரைமேல் மேட் என்கிற தென்னை நார்ப் பாயை விரித்து, இழுத்துப் பிடித்து, சுற்றிலும் ஆணி அடித்து, அதன்மேல்தான் கிரிக்கெட். சுருட்டி வைத்தால் ஆனைக்குட்டி மாதிரி கிடக்கும். தூக்கப் பத்துப் பேர் வேண்டும்.

"யாரை எடுக்கல?"

"இர்ஷாத்தை. லிஸ்ட் ஒட்டிட்டாங்க. மெட்ராஸ்லேர்ந்து நாலு பேர் வர்றாங்களாம், காசுக்கு ஆடுறவங்க. ஏசி ரூம் போட்டிருக்காங்க. இவன் பன்னெண்டாவது ஆள்."

"ம்."

"நாளைக்கு மாவட்ட செலக்டர்ங்க மேட்ச் பாக்க வர்றாங்க மாஸ்டர். அடுத்த மாசத்தோட இவனுக்கு வயசு தாண்டிடும். நாளைக்கு ஒரு ஓவர்கூடப் போடலேன்னா, அப்புறம் எப்பப் போடுவான்?"

மாஸ்டர் ஊசியில் நூல் கோர்த்தார்.

ரெஜினா பதிமூன்று வயதில், பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு, இவரிடம் பந்து பிடிக்கக் கற்றவள். வலைப் பயிற்சியில் அப்போது அவள் ஒருத்திதான் பெண். இன்று அதே க்ளப்பின் சின்னப் பையன்களுக்கு அவள்தான் கோச். இர்ஷாத் அவள் கையில் வளர்ந்தவன். லெக் ஸ்பின் போடுவான். அவன் விட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்கே சில நாள் தெரியாது.

"அவன் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. இந்த வருஷம் மாவட்ட டீம்ல பேர் வரலேன்னா குவைத்துல மாமா கடைக்கு அனுப்பிடுவாங்களாம். பாஸ்போர்ட்கூட எடுத்தாச்சு. 'உங்களை நம்பித்தான் டீச்சர் இத்தனை வருஷம் விட்டேன்'னு சொல்றாங்க."

"ம்."

"பத்து வயசுலேர்ந்து வர்றான். ஒரு நாள் மட்டம் போட்டதில்ல. காய்ச்சலோட வந்து மேட் அடிச்சிருக்கான். அப்படிப்பட்டவனைப் போய்..."

மாஸ்டர் சிரித்த மாதிரி இருந்தது.

"நான் இந்த ஊருக்கு எப்படி வந்தேன் தெரியுமா?"

"தெரியும். வேலூர்லேர்ந்து வந்தீங்க. க்ளப்புக்கு ஆடக் கூப்பிட்டாங்க."

"ரயில் டிக்கெட் அனுப்பினாங்க. ஸ்டேஷனுக்கே மாலையோட வந்து நின்னாங்க. எதுக்கு?"

"நீங்க நல்லா ஆடுவீங்க."

"என்னைவிட நல்லா ஆடுறவன் ரெண்டு பேர் இந்த ஊர்லயே இருந்தான்."

"பின்ன எதுக்கு?"

மாஸ்டர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நாளைக்குப் பசங்கள வர வேண்டாம்னு சொல்லு."

"அப்ப மேட் யார் அடிப்பா?"

அவர் ஊசியைத் தொப்பியில் குத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ரெஜினா சுருட்டி வைத்த மேட்டையே பார்த்தபடி நின்றாள். மெல்ல மெல்ல அவள் முகம் தெளிந்தது.

ஒன்பதரைக்குள் பிட்ச் தயாராக வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் எதிர் டீமுக்கு. நாளைக்குத் தோற்றால் க்ளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும். மெட்ராஸ் ஆட்களை வரவழைத்ததே அந்தப் பயத்தில்தான். மேட் விரிக்காமல் கிடப்பதைப் பார்த்தால் க்ளப் செக்ரட்டரி தானாக ஓடி வருவார்.

அன்று சாயங்காலமே பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினாள். "நாளைக்கு யாரும் க்ரவுண்டுக்கு வரக் கூடாது. மேட்டைத் தொடக் கூடாது. காரணம் அப்புறம் சொல்றேன்."

வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. இர்ஷாத் மட்டும் எழுதியிருந்தான்: "சரிக்கா."

*

மறுநாள் காலை எட்டரைக்குச் செக்ரட்டரி குணசீலனின் கார் வந்தது. ஜவுளிக்கடைக்காரர். சட்டை கசங்காமல் இறங்கினார்.

"என்ன கோச்சம்மா, உங்க வானரப் படை எங்க? மேட் இன்னும் ஷெட்லயே தூங்குது?"

"இன்னிக்கு லீவு சார்."

"யார் குடுத்த லீவு?"

"நான்தான்."

அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்காததைக் கவனித்தார்.

மெட்ராஸ்காரர்கள் நாலு பேரும், மற்ற ஆட்டக்காரர்களும், கார் டிரைவரும் சேர்ந்து மேட்டை உருட்டிக்கொண்டு வந்தார்கள். விரித்தார்கள். ஒரு முனையிலிருந்து ஆணி அடித்துக்கொண்டே போனார்கள். மறுமுனைக்குப் போவதற்குள் நடுவில் மேட் பாம்பு மாதிரி புடைத்துக்கொண்டது. பிடுங்கினார்கள். மறுபக்கத்திலிருந்து அடித்தார்கள். இப்போது புடைப்பு இரண்டாயிற்று.

"இதுல பந்து பட்டா மூஞ்சி இருக்காது" என்றார் டிரைவர்.

மெட்ராஸ்காரர்களில் நிகில் என்பவன் கையை உதறிக்கொண்டு ரெஜினாவிடம் வந்தான். இருபத்திரண்டு வயதுக்குமேல் இருக்காது.

"அக்கா, எங்க க்ளப்புல டர்ஃப், புல் பிட்ச். இந்த வேலையெல்லாம் பழக்கமே இல்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"

"உங்க க்ளப்புக்கு ஆட வேண்டியதுதானே? இங்க என்ன வேலை?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. "அங்க என்னை எடுக்கலக்கா. கேரளாலேர்ந்து மூணு பேரை இறக்கிட்டாங்க."

ரெஜினா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சைட் ஸ்க்ரீன் தட்டியின் நிழலில் மாஸ்டர் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

ஒன்பது பத்து. அம்பயர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "இருபது நிமிஷம் இருக்கு சார்."

குணசீலன் ரெஜினாவை ஓரமாகக் கூப்பிட்டார். பேச்சில் 'கோச்சம்மா' போய்விட்டது.

"உனக்கு என்ன வேணும்?"

"இர்ஷாத் ஆடணும்."

"நாலு பேரை வரவழைச்சாச்சும்மா. யாரை உக்கார வைக்கச் சொல்ற?"

"அது உங்க பாடு."

"க்ளப்பு கீழ இறங்கிடும். புரியுதா? நீயும் இந்த க்ளப்புதான்."

"புரியுது. இர்ஷாத் ஆடணும்."

இப்படி ஒருவரிடமும் அவள் பேசியதில்லை.

குணசீலன் கழுத்தைத் துடைத்தார். அம்பயரைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டீம் பேப்பரை எடுத்துக் கார் பானெட்டின்மேல் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"முழுப் பேர் சொல்லு."

"முகமது இர்ஷாத்."

நிகிலின் பெயருக்கு நேராகப் பேனா இறங்கியது.

அப்போதுதான் பின்பக்கச் சுவரில் செங்கல் சரிகிற சத்தம் கேட்டது.

முதலில் ஒரு தலை. பிறகு இரண்டு. பிறகு பத்துப் பன்னிரண்டு பேர், வழக்கம்போல் சுவரேறி, தொப்தொப்பென்று உள்ளே குதித்தார்கள். முன்னால் ஓடி வந்தவன் கையில் சுத்தியல்.

"சாரி சார், லேட்டாயிடுச்சு சார்! டேய், எல்லா ஆணியையும் பிடுங்குங்கடா! நடுவுலேர்ந்து அடிக்கணும், நடுவுலேர்ந்து!"

"இர்ஷாத்!" ரெஜினா கத்தினாள்.

அவன் கையைத் தூக்கிக் காட்டினான். அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்திருப்பான்.

"அஞ்சே நிமிஷம்க்கா!"

குணசீலன் பேனாவை மூடினார். பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு அவள்மேல் கோபம்கூட இல்லை.

"நல்லா வளத்திருக்கீங்க கோச்சம்மா" என்றார்.

ரெஜினா பிட்ச்சுக்கு ஓடினாள்.

"வர வேண்டாம்னு சொன்னேன்ல? சரின்னியே?"

இர்ஷாத் மண்டியிட்டு ஆணியை இறக்கிக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"சொன்னீங்கக்கா. வீட்லதான் இருந்தோம். கார்த்தி வந்து, மேட் இன்னும் விரிக்கல, அம்பயர் வந்துட்டாருன்னான். மேட்ச் போயிடும்லக்கா? நம்ம க்ளப்புக்கா."

"உன்னை எடுக்கலடா அவங்க."

"தெரியும்க்கா." ஆணியின் தலையில் இன்னும் ஒரு அடி. "நீங்கதானே சொல்லுவீங்க, ஆடினாலும் ஆடாட்டியும் க்ளப்பு நம்மளதுன்னு."

அவன் அடுத்த ஆணிக்கு நகர்ந்தான்.

"அக்கா, அந்த முனையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க. சுருங்குது."

அவள் குனிந்தாள். இழுத்தாள். பையன்கள் சத்தம் போட்டு எண்ண, எண்ண, மேட் பறைத் தோல் மாதிரி விறைத்தது.

அம்பயர் அதன்மேல் முன்னும் பின்னும் நடந்து பார்த்துத் தலையாட்டினார். ஒன்பது இருபத்தேழு.

*

செலக்டர்கள் இரண்டு பேர் வந்து ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். நிகில் பேட் பிடித்தான். கையைச் சரியாகக் கொண்டுவந்தான், காலைச் சரியாக வைத்தான். நாலாவது ஓவரில் இர்ஷாத் இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலோடு அவனிடம் ஓடினான். ஓடிய வேகத்திலேயே திரும்பினான்.

"யார் சார் அந்தப் பையன்?" என்று ஒரு செலக்டர் கேட்டார். "நல்ல சுறுசுறுப்பு."

"நம்ம பையன்தான் சார்" என்றார் குணசீலன். "வீட்டுப் பிள்ளை மாதிரி."

செலக்டர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி நிகிலைப் பார்த்தார். நோட்டில் எதையோ எழுதினார்.

ரெஜினா மாஸ்டரிடம் போய் நின்றாள். உள்ளங்கை இரண்டும் நார் உரசிச் சிவந்திருந்தன.

"அவங்க வருவாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

மாஸ்டர் ஒரு கை கடலையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நான் இழுத்துப் பிடிப்பேன்னும் தெரியும்."

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

பிட்ச்சில் ஓவர் முடிந்திருந்தது. ஓர் ஆணி லேசாக மேலே கிளம்பியிருக்க வேண்டும். பாட்டிலோடு மறுபடி உள்ளே வந்த இர்ஷாத், யாரும் சொல்லாமலே, குதிகாலால் அதைத் தட்டி இறக்கிவிட்டுப் போனான்.

ரெஜினா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேத்து கேட்டீங்களே மாஸ்டர். உங்களுக்கு டிக்கெட் அனுப்பினாங்களே, எதுக்கு?"

மாஸ்டர் தொப்பியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார்.

"இந்த ஊர்க்காரங்க ரெண்டு பேரும் கூப்பிடாமலே வருவாங்க. அனுப்பலேன்னா நான் வந்திருக்க மாட்டேன்."