அடுப்புக்கரிக் கணக்கு

கரட்டடி மடத்தில் அடுப்படி என் பொறுப்பு. சாமியிடம் கேள்வி கேட்க வருகிறவர்கள் முதலில் என் கண்ணில்தான் படுவார்கள். பாதிப் பேருக்குப் பசிதான் கேள்வி. சோறு போட்டால் போய்விடுவார்கள்.

வசந்தாமணி அந்த ரகம் இல்லை. பத்து வருஷமாகச் சாமியின் சிஷ்யை. அன்றைக்குக் காலையில் மகள் கனிஷ்காவையும் இழுத்துக்கொண்டு, பை நிறையப் புத்தகத்தோடு வந்து நின்றாள். பிள்ளைக்கு வயது பத்து. வாய் திக்கும். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கேலி பண்ணிப் பண்ணி, அது வாயைத் திறப்பதையே விட்டுவிட்டது. அதனால் இரண்டு வருஷமாக வீட்டிலேயே வைத்துத் தாய் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள்.

பையை மகளிடம் கொடுத்து மண்டபத்துக்கு அனுப்பினாள். போகிற வழியில் பிள்ளை என் அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வசந்தாமணி சாமி முன்னால் உட்கார்ந்தாள்.

"சாமி, இவ அஞ்சு நிமிஷம் ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கறா. புத்தகத்த விரிச்சாத் தண்ணி தாகம், இல்லீன்னா செவுத்துல ஓணான். பின்னக் கணக்குலயே மூணு மாசமா நிக்கறோம். மிட்டாய் குடுத்தேன், நோட்டுல நட்சத்திரம் ஒட்டுனேன், ரெண்டு அடியும் வெச்சுப் பாத்துட்டேன்."

"சரி."

"சரிங்கறீங்களே! ஜூனுக்குள்ள புத்தகத்த முடிக்கலீன்னா ஹாஸ்டல்ல சேத்திருவேன்னு அவங்கப்பா சொல்லிட்டாரு. அங்க போனா எம்புள்ள மறுபடியும் பேச்சே இல்லாமப் போயிருவா சாமி. எனக்குப் பயமா இருக்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமி கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப நீ எந்த பெஞ்சு?"

"கடைசி பெஞ்சுங்க."

"டீச்சர் உன்னைய எத்தன தடவ பாப்பாங்க?"

அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வருஷத்துக்கு ரெண்டு தடவைங்க. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா மூணு."

"உம்புள்ளைக்கு எந்த பெஞ்சு?"

சாமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ராசப்பா, அந்தத் துவரம்பருப்பக் கொண்டா."

அந்த மூட்டையில் பருப்பைவிடக் கல் அதிகம். கடைக்காரனை நான் திட்டாத நாள் இல்லை. முறம் நிறையக் கொட்டி அவள் கையில் கொடுத்தேன்.

"கல்லப் பொறுக்கு அம்மிணி. ஒண்ணு கூட விட்டுறக் கூடாது. அப்புறம் உன்ற கேள்வியப் பாக்கலாம்."

அவள் குனிந்தாள். சாமி எதிரில் சம்மணம் போட்டு, முகத்தை முறத்துக்கு நேராக நீட்டிக்கொண்டார்.

"நிமிந்து உக்காரு."

நிமிர்ந்தாள்.

"எடது பக்கம் ஒண்ணு கெடக்குது பாரு."

பார்த்தாள்.

"கண்ணு எங்கியோ போவுது, முறத்துல வெய்யி. முடிச்சீன்னா வாழப்பழம் தர்றேன். போன வாரம் ஒருத்தி வந்தா, கால் மணி நேரத்துல ரெண்டு படி பொறுக்கிட்டா. உனக்கு இன்னுமா முடியல?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். முப்பது வருஷமாக இந்த மனுஷனுக்குச் சோறு போடுகிறேன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிசயம். அன்றைக்கு வாய் ஓயவே இல்லை. பாவம், அவள் பருப்பை எடுத்து வெளியே எறிந்தாள், கல்லை முறத்திலேயே விட்டாள். காதெல்லாம் சிவந்துவிட்டது. கடைசியில் முறத்தைப் பொத்தென்று தரையில் வைத்தாள்.

"செத்த சும்மா இருங்க சாமி! நீங்க பேசாம இருந்தாத்தான எனக்குக் கல்லு தெரியும்!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். குருவையே அதட்டிவிட்டாளே! சாமியோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க அவள் முகம் மாறியது. முறத்தைப் பார்த்தாள், சாமியைப் பார்த்தாள். அப்புறம் பதறிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயோ, புள்ள! ஒரு மணி நேரம் ஆச்சே, எங்க போனாளோ!"

மண்டபத்துக்கு ஓடினோம். தூணுக்கு இந்தப் பக்கமே சாமி கையை நீட்டி எங்களை மறித்தார்.

கனிஷ்கா மண்டியிட்டிருந்தாள். கல்தளம் பூராவும் கரிக்கோடு. வட்டமாக இரண்டு ஒப்புட்டு, அதாவது போளி, வரைந்து, ஒன்றை மூன்று துண்டாகவும் மற்றதை ஐந்து துண்டாகவும் பிரித்திருந்தாள். மூன்றில் ஒரு பங்கும் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்தால் எவ்வளவு? மூன்று மாதமாக நின்ற கணக்கு அதுதான். பக்கத்தில் எட்டில் இரண்டு என்று விடை எழுதியிருந்தாள்.

"தப்பாப் போட்டுட்டா" என்று வசந்தாமணி முனகினாள். கால் தானாக முன்னே போனது. சாமியின் கை இறங்கவில்லை.

அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. பிள்ளை தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது.

"இந்தத் துண்டு பெருசு. இது சிறுசு. பெருசையும் சிறுசையும் எப்புடிச் சேத்தி எண்ணறது? ரெண்டும் ஒரே அளவா இருக்கோணும். அப்ப இதையும் வெட்டோணும், அதையும் வெட்டோணும்."

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் மாதிரிப் போனது பேச்சு. வசந்தாமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கார்த்திகைக்குக் கரட்டுக் குன்றின் உச்சியில் தீபம் ஏற்றும்போதுகூட நான் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

பிள்ளை புறங்கையால் பழைய விடையை அழித்தது. பெரிய துண்டுகளை ஐந்து ஐந்தாகக் கீறியது. சிறிய துண்டுகளை மூன்று மூன்றாகக் கீறியது. விரலை வைத்து எண்ணியது.

"அஞ்சு. மூணு. எட்டு. பதினஞ்சுல எட்டு."

"அட!" என்றது. நிமிரவே இல்லை. நகர்ந்து உட்கார்ந்து, அடுத்த கணக்குக்கு வட்டம் போட ஆரம்பித்தது.

வசந்தாமணி சாமி பக்கம் திரும்பினாள்.

"சாமி... இவள யாருங்க உக்கார வெச்சது?"

சாமி பிள்ளைக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்.

"யாரும் உக்கார வெக்கல அம்மிணி. இன்னிக்கு ஒருத்தரும் எழுப்பல."