மாசிலாமணியின் நாலாவது லிஃப்ட்

"சாமி, இன்னொரு சிலிண்டர் வேணுங்க."

கேட்டவர் மாசிலாமணி. கோயமுத்தூரில் முப்பத்தாறு வருஷம் லேத்துப் பட்டறையில் நின்றுவிட்டு, கரட்டு மடத்துக்குச் சீடராக வந்தவர். குருவைவிடப் பதினெட்டு வயசு மூத்த சீடர்.

"எதுக்கு மேஸ்திரி?" என்றார் குரு.

"விறகு பிளக்கிற மெஷினுக்குங்க. மெஷின் தங்கமா ஓடுது. கட்டையைத் தூக்கி அதுமேல வைக்கத்தான் ஆளில்லை."

மெஷின் அவரே செய்தது. பழைய டிராக்டரின் ஹைட்ராலிக் சிலிண்டர், முனையில் ஆப்பு. லேத்து மாதிரியே இடுப்பு உயரத்துக்கு நாலு இரும்புக் கால். பிளக்க வேண்டிய புளியங்கட்டையோ ஒவ்வொன்றும் எருமைக்கன்று கனம்.

"தூக்குறதுக்குத்தான் லிஃப்ட் செஞ்சீங்களே?"

"முதல் லிஃப்ட் கொஞ்சம் வேகமாத் தூக்கிருச்சுங்க."

கொஞ்சம்தான். கட்டை சமையல்கட்டைத் தாண்டிக் குளத்தில் விழுந்தது. மீன்கள் மூன்று நாள் படித்துறையில் ஏறி உட்கார்ந்திருந்தன. நானே பார்த்தேன்.

"ரெண்டாவது?"

"அது மெதுவாத் தூக்குச்சுங்க."

கட்டை மேலே போய்ச் சேர்வதற்குள் அதில் துளிர் விட்டிருந்தது.

"மூணாவது?"

மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். ஹோஸ் வெடித்து ஆயிலில் குளித்த புருவம் இன்னும் மினுங்கியது.

சமையல்கார அய்யாவு கரண்டியோடு வந்து நின்றார்.

"சாமி, நாளன்னிக்குக் குருபூஜை! ரெண்டாயிரம் இலை! அடுப்புக்கு ஒரு துண்டு விறகு இல்லை. இவரோட லிஃப்டைப் போட்டா எரிக்கிறது?"

"சிலிண்டர் கெடைச்சா ஒரே நாள்..."

"போன அமாவாசைக்கும் இதைத்தானே சொன்னீங்க!"

குரு எழுந்தார். "முதல்ல சாப்பிடலாம்."

பந்தியில் எல்லோருக்கும் தரையில் இலை. மாசிலாமணியின் இலை மட்டும் பரண்மேல் இருந்தது. குருவே ஏணி போட்டு ஏறி, குருவே பரிமாறியிருந்தார். பிறகு ஏணியை எடுத்துவிட்டார்.

மாசிலாமணி எம்பினார். விரல் நுனியில் ரசம் பட்டது. அவ்வளவுதான்.

"எட்டலீங்க சாமி."

"லிஃப்ட் ஒண்ணு செய்யுங்க. உங்களைத் தூக்குற மாதிரி."

பந்தி சிரித்தது.

"விளையாடாதீங்க சாமி. காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லுல படலை."

"சிலிண்டர் வாங்கித் தரேன்."

"பசிக்குதுங்க!"

"ஹோஸும் தரேன். வெடிக்காத ஹோஸ்."

மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. "என்ன அக்கிரமம் இது! சோத்தை எதுக்குங்க அவ்வளவு உசரத்துல வைக்கணும்? கீழே இறக்கி வெச்சா நானே..."

வாய் திறந்தபடியே நின்றது.

செருப்புகூடப் போடாமல் மெஷின் நின்ற கொட்டகைக்கு ஓடினார்.

சற்று நேரத்தில் இரும்பை அறுக்கும் சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று டங்கென்று விழுந்தது. பிறகு இன்னொன்று.

"சாமி, அவரு சோறு ஆறுதுங்க," என்றார் அய்யாவு.

குரு மறுபடி ஏணி போட்டு, பரணிலிருந்து இலையை இறக்கினார்.

"ஆறட்டும். இன்னும் ரெண்டு கால் இருக்கு."