மோர்க்குழம்புக் கறையும் வெயிலில் உட்கார்ந்த ராஜாவும்

வெகு காலத்துக்கு முன்னே, வெண்மலை நாட்டைக் கண்டகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்றால் காலையில் ஒரு உத்தரவு, மத்தியானம் அதற்கு நேர்மாறாக இன்னொரு உத்தரவு. குடிமக்கள் சாயங்காலம் வரை பொறுத்திருந்து பார்த்துவிட்டு எதையும் செய்வார்கள்.

ஒருநாள் ராஜாவுக்குக் கால் மரத்துப்போனது. பாத பீடத்தை எட்டி உதைத்தார். அது நகர்ந்த இடத்தில், சிங்காசனக் கம்பளத்தில், அப்பளம் அளவுக்கு ஒரு மஞ்சள் கறை!

"ஐயோ! இது ஏழூர் ராஜா என் முடிசூட்டு விழாவுக்குக் கொடுத்த கம்பளமாயிற்றே! வெள்ளிக்கிழமை அவர் மகன் மணிமார்பன் வருகிறானே! யார் செய்த வேலை இது?"

சபையில் தாண்டவராயர் என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். பெரிய மனிதர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அரண்மனைக் கம்பளங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர அவர் மூன்று வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். அந்த வேலையில் இருந்தவள் பூவாத்தாள்.

"வேறு யார் மகாராஜா? பூவாத்தாள்தான். பன்னிரண்டு வருஷமாகப் பெருக்குகிறாள், கறை கண்ணில் படவில்லையாம்!" என்றார் தாண்டவராயர்.

"பாத பீடத்தைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு போட்டதே நீங்கதானுங்களே, ராயரே," என்றாள் பூவாத்தாள்.

"எதிர்ப்பேச்சு வேறா! வெள்ளிக்கிழமைக்குள் கறை போகவில்லை என்றால் நீ நாட்டைவிட்டே போக வேண்டும்!" என்று ராஜா கத்தினார்.

பூவாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "மகாராஜா, என் எருமை நிறைமாசச் சினைங்க. அது தெருமுனை தாண்டவே நாலு பேர் தள்ளணும். எல்லை தாண்ட எங்க போவேன்?"

"அது எருமையின் பிரச்சினை," என்றார் ராஜா.

பூவாத்தாள் மண்டியிட்டுக் கறையை முகர்ந்தாள். "மோர்க்குழம்புங்க. பழைய மஞ்சக் கறை. இதுக்கு..."

"நகரு!" என்று தாண்டவராயர் முன்னால் வந்தார். "சுண்ணாம்பு சுவரையே வெளுக்கிறது. கம்பளத்தை வெளுக்காதா? இதுகூடத் தெரியாதவளுக்கு ஒரு வேலை!" சொல்லிக்கொண்டே ஒரு செம்பு சுண்ணாம்புத் தண்ணீரைக் கறையின் மேல் கவிழ்த்தார்.

மஞ்சள் கறை பளீரென்று சிவந்தது. சிவந்ததோடு பரவவும் செய்தது.

"ரத்தம்! என் கம்பளத்தில் யாரையோ கொன்றிருக்கிறார்கள்!" ராஜா சிங்காசனத்தின் மேல் ஏறி நின்றுகொண்டார். தளபதி வாளை உருவிக்கொண்டு, யாரை வெட்டுவது என்று தெரியாமல் தூணைச் சுற்றி வந்தார்.

"பயப்படாதீங்க மகாராஜா. ராயர் உங்களுக்கு ஆரத்தி கரைச்சிருக்காரு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்கும்னு கல்யாண வீட்டுல எல்லாருக்கும் தெரியும்," என்றாள் பூவாத்தாள்.

சபை குலுங்கிச் சிரித்தது. தாண்டவராயர் மட்டும் கூரை உத்தரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பூவாத்தாள் எலுமிச்சைச் சாறு விட்டாள், சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. பூந்திக்கொட்டை நுரையால் தேய்த்தாள், எண்ணெய்ப் பசை போயிற்று. ஆனால் மஞ்சள் போகவில்லை.

"இனி வெயில்தானுங்க மருந்து. மூணு நாள் காயணும்."

"முடியாது! ராஜா இல்லாமல் சிங்காசனக் கம்பளம் வாசல் தாண்டினால் ராஜ்யமே போனதாக அர்த்தம். நம் வழக்கம் அது!" என்று தாண்டவராயர் குதித்தார்.

"அப்ப ராஜாவும் கூட வரட்டுமே," என்றாள் பூவாத்தாள்.

அப்படியே ஆயிற்று. அரண்மனை முற்றத்தில் கம்பளத்தை விரித்து, அதன் ஒரு ஓரத்தில் சிங்காசனத்தைப் போட்டு, ராஜாவை உட்காரவைத்தார்கள். குடையின் நிழல் ராஜாவின் மேல் விழ வேண்டும், கறையின் மேல் விழக்கூடாது. அதனால் சூரியன் நகர நகரச் சிங்காசனத்தையும் ராஜாவோடு தூக்கித் திருப்பினார்கள். மந்திரிகள் தலையில் ஈரத்துணியோடு நின்றார்கள். ஆறு வருஷம் இழுத்த வழக்குகள் அரை நாழிகையில் தீர்ந்தன. "சரி, சரி, இருவருமே நல்லவர்கள், போங்கள்!" என்று ராஜா தீர்ப்பு வழங்கினார்.

மூன்றாம் நாள் மாலை கறை போயே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மணிமார்பன் வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல், பாத பீடத்தை நகர்த்திவிட்டுக் கம்பளத்தின் மேல் தவழ ஆரம்பித்தார்.

"எங்கே கறை?"

"எந்தக் கறை?" என்றார் ராஜா, வியர்த்துக்கொண்டே.

"என் அப்பா மோர்க்குழம்பு ஊற்றிய கறை! அம்மா திட்டுவாள் என்று பயந்து, கறையின் மேல் பாத பீடத்தை வைத்து, இதை உங்களுக்குப் பரிசாகத் தள்ளிவிட்டார். இப்போது அவர் இல்லை. அந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம் என்று எட்டு நாள் பயணம் செய்து வந்தேன்." கம்பளத்தை மறுபடி தடவிப் பார்த்தார். பிறகு அவர் குரல் உயர்ந்தது. "இது வேறு கம்பளம்! எங்கள் பரிசை விற்றுவிட்டீர்களா?"

அவர் கை வாளுக்குப் போயிற்று. தாண்டவராயர் குதித்து எழுந்தார். "ஆமாம்! இந்தப் பூவாத்தாள்தான் கம்பளத்தை மாற்றிவிட்டாள்!" மூன்று நாள் அதே கம்பளத்தின் பக்கத்தில் நின்று வியர்த்ததை அவர் அதற்குள் மறந்துவிட்டார்.

பூவாத்தாள் அலட்டிக்கொள்ளவில்லை. "இந்த மூலையைப் பிடிச்சுத் திருப்புங்க சாமி. வெயில் மேல்பக்கந்தானே பட்டுச்சு? குழம்பு அடிவரைக்கும் இறங்கியிருக்குங்க."

திருப்பினார்கள். அடிப்பக்கத்தில், அப்பளம் அளவுக்கு, அதே மஞ்சள்.

மணிமார்பன் அதைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார். "அப்பாவேதான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்டகேசரி சிங்காசனத்தைவிட்டு இறங்கி வந்தார். "பூவாத்தாள், செய்யாத தப்புக்கு உன்னை விரட்டப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. இனி கம்பளத்தைப் பற்றி நீ சொல்வதுதான் உத்தரவு, நானும் கேட்பேன். உன் எருமைக்கு அரண்மனைத் தொழுவத்தில் இடம். தாண்டவராயரே, கம்பளம் வெயிலுக்குப் போகும்போதெல்லாம் இனி குடை பிடிப்பது நீர்!"

சந்தோஷத்தில் அங்கேயே, கம்பளத்தின் மேலேயே, விருந்துக்கு இலை போட்டார்கள். ஏழூராருக்குப் பிடித்த மோர்க்குழம்பும் வந்தது. மணிமார்பன் அப்பாவின் கதை ஒன்றைச் சொல்லிக் கையை வீசிச் சிரித்தார். கிண்ணம் கவிழ்ந்தது. அதே இடத்தில்.

பூவாத்தாள் முற்றத்து வெயிலைப் பார்த்தாள். தாண்டவராயர், ஒருவரும் சொல்லாமலே எழுந்து, குடையை எடுத்துவரப் போனார்.