கொடிக்காலுக்கு ஒரு கெடு

தாமிரபரணி கடலுக்குள் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், வாழையும் வெற்றிலையும் மாறி மாறி விளைகிற ஊர் ஒன்று. வெற்றிலைத் தோட்டத்தை அங்கே கொடிக்கால் என்பார்கள். அந்த ஊர் மடத்தில் அம்பலவாண சாமி என்று ஒருவர் இருந்தார். தாடி இன்னும் நரைக்கவில்லை. அவருடைய சீடர் பிறவிப்பெருமாளுக்கோ பேரன் பிறந்தாயிற்று. சாமி சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவைச் சாமி என்பார். கேட்கிற வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். உள்ளூரில் பழகிப்போயிற்று.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், பிறவிப்பெருமாள் மடத்துக்கு வந்தார். சாப்பிட்ட முகமாகத் தெரியவில்லை.

"நாளைக்கு ஊர்க்கூட்டம், சாமி."

"தெரியும்."

"சொரிமுத்து கொடிக்கால் பேச்சு வரும்."

"அதுவும் தெரியும். உட்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை.

சொரிமுத்து போன ஐப்பசியில் கண்ணை மூடியவர். பெண்டாட்டி அவருக்கு முன்னாலேயே போய்விட்டாள். பிள்ளைகள் இரண்டு பேரும் பினாங்கில். தகவல் போய்ச் சேரவே மாதக் கணக்காயிற்று. ஊர் கூடி, பக்கத்துக் கொடிக்கால்காரர் என்ற முறையில் பிறவிப்பெருமாளிடம் சொத்துப் பொறுப்பைக் கொடுத்தது. தலைத்திவசத்துக்கு எப்படியும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அதுவரைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும், இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதிகாரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

ஆனால் வெற்றிலைக் கொடி இருந்தது இருந்தபடி இருக்கிற சாதி இல்லை. சில வருஷம் இலை கொடுக்கும். அப்புறம் முற்றிவிடும். இலை சிறுத்து மஞ்சள் பாயும். அதற்குள் பக்கத்து நிலத்தில் அகத்தி விதைத்து, அது எழும்பி வருகிற நேரத்தில் பழைய கொடியிலிருந்து நல்ல கணுவாகப் பார்த்து வெட்டி, புது அகத்தியில் ஏற்றிவிட வேண்டும். பழையதை வெட்டிச் சாய்த்து வாழை வைப்பார்கள். சொரிமுத்து கொடிக்கால் அந்த நிலைக்கு வந்துவிட்டது. இப்போது அகத்தி போட்டால்தான் தையில் கொடி ஏற்ற முடியும். சும்மா விட்டால் கொடி அதுபாட்டுக்குக் காயும். கை வைத்தால், ஒருத்தன் ஆசையாக வைத்த கொடிக்காலை அழித்தவன் என்ற பேர் நிற்கும்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முந்தின வாரம் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி வந்த ஊர்க்காரன் ஒருத்தன், சொரிமுத்து பிள்ளைகள் இந்தத் தடவை வரவில்லை என்றான். அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்று பெரியவன் சொன்னானாம். சின்னவனைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்டதும் பிறவிப்பெருமாள் 'அடடா' என்றார். வாய்தான் அடடா என்றது. உள்ளே ஏதோ ஒன்று, சொந்த வீட்டில் மாதிரி, காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அதிகாரத்தைக் கூட்டிக் கேட்கணும், சாமி. பிடுங்கி நடுகிற அதிகாரம் வேணும். பொறுப்பையும் பிள்ளைகள் வரும் வரைக்கும்னு நீட்டிக் கேட்கணும்."

"ஊர் என்ன சொல்லும்?"

"கொடுத்துடும். வரும் வரைக்கும்னு கேட்டா யாரு மறுப்பா?"

யாரும் மறுக்க மாட்டார்கள்தான். அந்தப் பக்கத்தில் அதுதான் மரியாதையான வார்த்தை. கடல் தாண்டிப் போனவர்கள் விஷயத்தில் அதற்கு மேல் ஒரு நாளைக் குறித்துப் பேசினால், அவர்கள் வரமாட்டார்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு வீடு யாராவது ஒருத்தர் அக்கரையில் இருந்தார்கள். அதனால் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

"பிறகு ஏன் கலங்குறீங்க?" என்று சாமி கேட்டார்.

"அதுதான் தெரியலை. கேட்கலாமா, கூடாதா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சாமி எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் ஆத்துக்குப் போய்க் குளிச்சுட்டு வாரேன். இந்தப் பலகையில உட்காருங்க. யாராவது வந்தா நீங்களே பதில் சொல்லுங்க."

"நானா? எவ்வளவு நேரத்துக்கு, சாமி?"

"நான் வரும் வரைக்கும்."

குரு உட்காருகிற பலகை. பிறவிப்பெருமாள் அதன் ஓரத்தில், முக்கால் உடம்பு தரையிலும் கால் உடம்பு பலகையிலுமாக ஒண்டினார். கண்ணை வாசலிலேயே வைத்திருந்தார். மருமகளோடு மனஸ்தாபம் என்று ஒரு அம்மாள் வந்தாள். சாமி வந்துவிடுவார், கொஞ்சம் பொறு தாயி என்றார். அவள் பொறுக்கிற ஆளாக இல்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். பாவமாக இருந்தது. தனக்குத் தோன்றியதைச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்து வாய்க்கால் முறைச் சண்டையோடு அண்ணன் தம்பி இரண்டு பேர். வாய்க்கால் அவருக்குத் தெரிந்த விஷயம். யார் முதலில் மடையைத் திறப்பது, யார் அடைப்பது என்று பிரித்துச் சொன்னார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதில் அவருக்கே ஆச்சரியம். அதற்குள் இன்னும் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்து இடுப்பு வலித்ததால் நடுவே நகர்ந்தார். காற்று வருகிற பக்கமாகத் திரும்பிக்கொண்டார். திண்டை இழுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரம். ஒரு பையனுக்குச் சம்பந்தம் பார்க்கிற விஷயத்தில் அவர் மும்முரமாக இருந்தபோது, பக்கத்தில் யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது.

"கொஞ்சம் பொறும். இதை முடிச்சுட்டு வாரேன்" என்றார் திரும்பாமலே.

"சரி" என்றது குரல்.

சம்பந்தத்தை முடித்துவிட்டுத் திரும்பினார். ஈரத் துண்டோடு, கடைசி ஆளுக்குப் பின்னால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் சாமி.

பிறவிப்பெருமாள் பலகையை விட்டு எழுந்த வேகத்தில் திண்டு உருண்டது. வந்தவர்கள் சிரித்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

"மன்னிக்கணும், சாமி."

"எதுக்கு? நல்லாத்தானே சொன்னீங்க. மருமகளோட சமாதானமாப் போறேன்னு அந்த அம்மா வழியில பார்த்துச் சொல்லுச்சு."

"நீங்க வந்து நின்னது தெரியலையே."

"முதல்ல எப்படி இருந்துச்சு?"

"முதல்ல வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன். கழுத்து வலிச்சுது."

"பிறகு?"

பிறவிப்பெருமாள் உருண்ட திண்டை எடுத்துப் பலகையில் வைத்தார்.

"பிறகு வலிக்கலை."

சாமி துண்டை உதறித் துணிக்கொடியில் காயப்போட்டார்.

"அந்தக் கப்பல்ல பிள்ளைகள் வரலைன்னு சொன்னப்போ, சாமி..." என்று ஆரம்பித்த சீடர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் பொறுப்பை நாளைக்கே திருப்பிக் கொடுத்துடுறேன்."

"கொடுங்க. பிறகு புதுக்கொடி யாரு நடுவா?"

யோசித்துப் பார்த்தார். வெற்றிலை தெரிந்தவர்களுக்கு அவரவர் கொடிக்காலே பாரம். மற்றவர்கள் கொடியைக் காயவிட்டு வாழை வைப்பார்கள்.

"யாருமில்லை, சாமி" என்றார். கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கோயில் மண்டபத்தில் கூட்டம். ஊர்ப்பெரியவர் மாசானம், விஷயத்தைச் சீக்கிரம் முடிக்கிறவராக, "பிள்ளைகள் வரும் வரைக்கும் பிறவியே பார்க்கட்டும், என்ன?" என்றார். எல்லாத் தலையும் ஆடிற்று.

பிறவிப்பெருமாள் எழுந்து நின்றார். பிடுங்கி நட அதிகாரம் வேண்டும் என்றார். கொடுத்தார்கள். வரும் வரைக்கும் வேண்டாம், அடுத்த ஐப்பசி வரைக்கும் போதும் என்றார். அந்த ஐப்பசியில் தான் பொறுப்பை ஊரிடம் வைத்துவிட்டு வெறுங்கையோடு இங்கே வந்து நிற்பதாகவும், ஊர் வேறு ஆளைச் சொன்னால் விலகுவதாகவும், செய்ததை எல்லாம் கப்பலுக்குக் கப்பல் பினாங்குக்குச் சொல்லியனுப்புவதாகவும் சொன்னார்.

ஆடின தலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

"ஓய் பிறவி, கடல் தாண்டிப் போன பிள்ளைகளுக்குக் கெடு வைக்கிறீரா?" என்றார் மாசானம். "நாக்குல சனி உட்கார்ந்திருக்கா?"

"கெடு பிள்ளைகளுக்கு இல்லை. எனக்கு."

"உம்மைக் கெடு வைக்கச் சொல்லி யாரு கேட்டா?"

அக்கரையில் மகன் இருந்த ஒருத்தர் எழுந்து வெளியே போய்விட்டார். இன்னொருத்தர், இந்த மனுஷனுக்கு மடத்துச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பிறவிப்பெருமாள் உட்காரவில்லை. கடைசியில், வேறு ஆள் கிடைக்காததால், முணுமுணுத்துக்கொண்டே ஊர் ஒத்துக்கொண்டது.

அகத்தி விதைத்தார். தையில் ஒரு காலை, செருப்பை வெளியே கழற்றிவிட்டுச் சொரிமுத்து கொடிக்காலுக்குள் நுழைந்து, முதல் கொடியை வெட்டினார். கத்தி இரண்டு தரம் வழுக்கிற்று. தன்னுடைய கொடிக்காலில் ஒருநாளும் அப்படி வழுக்கியதில்லை.

புதுக்கொடி பிடித்துக்கொண்டது. அவருக்கோ நிம்மதி இல்லை. பினாங்குக் கப்பல் என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து நடந்துவிடுவார். வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று ஒரு பயம். வராவிட்டால் தனக்குள் அந்தக் கால் மறுபடி நீளுமோ என்று இன்னொரு பயம்.

ஒருநாள் பாடம் முடிந்து எல்லாரும் போனபின், அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, ஊர்ல கேட்டதுக்கப்புறம் பயம் கூடித்தான் போச்சு. ராத்திரி முழிப்புத் தட்டுது. அந்தக் கொடிக்கால்ல நின்னா யாரோ பின்னால இருந்து பார்க்கிற மாதிரியே இருக்கு. இந்தப் பயம் எப்போ போகும்?"

சாமி பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"போச்சுன்னா வந்து சொல்லுங்க, அண்ணாச்சி. கொடிக்காலுக்கு வேற ஆளைப் பார்ப்போம்."