மழை திருத்திய முகம்

மூன்று ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்ட காலம் அது. அந்த மூவரின் பெயரும் இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் ஆண்ட கரட்டுச் சீமையில் ஆடு மேய்த்த ஒருத்தியின் பெயர் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சடைச்சி. அவள் கதையைத்தான் சொல்லப்போகிறேன், கேளுங்கள்.

சடைச்சிக்கு இருந்த ஒரே உறவு தம்பி தவசி. பதினாறு வயது. சுருட்டை முடி, உப்பிய கன்னம், நிமிர்ந்த முதுகு. ஒருநாள் அவன் மேய்ச்சலில் கண்ணயர்ந்தபோது சினையாடு ஒன்றை நரி கொண்டுபோய்விட்டது. ஆத்திரத்தில் சடைச்சி அவன் கன்னத்தில் ஓங்கி அடித்துவிட்டாள். அவன் அழவில்லை. மறுநாள் மேற்கே போன உப்பு வண்டிகளோடு போய்விட்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டிக்காரரையும் மறித்துக் கேட்டாள்.

“சுருட்டை முடி, உப்பின கன்னம், நிமிர்ந்த முதுகு. எங்கயாச்சும் பாத்தீகளா?”

யாரும் பார்த்திருக்கவில்லை.

அவனாகத் திரும்பி வந்தால் இடம் தெரிய வேண்டுமே என்று நினைத்தாள். வண்டித்தடத்தை ஒட்டிய பாறைமேட்டில் அவன் உருவத்தையே மண்ணால் செய்து நிறுத்தினாள். அதற்குமுன் மண்ணைத் தொட்டு ஒரு பொம்மைகூடச் செய்தவள் இல்லை. முதல் உருவம் சரிந்து விழுந்தது. இரண்டாவது உருவம் வெயிலில் வெடித்தது. மூன்றாவதுக்குப் புற்றுமண்ணில் ஆட்டுமயிரைக் கத்தரித்துப் போட்டு மிதித்தாள். அது நின்றது.

பக்கத்து ஊரில் சாமிக்குதிரை செய்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

“ஏத்தா, கண்ணைக் கடைசியிலதான திறக்கணும்? நீ எடுத்த எடுப்புல கண்ணை வச்சிருக்கியே!”

“கண்ணில்லாத ஆளுகிட்ட எப்படிப்பா பேசிக்கிட்டே வேலை பாக்க?” என்றாள் சடைச்சி.

பிறகு தம்பியைச் சுற்றி ஆடுகள் வந்தன. நாய் வந்தது. அந்த நரியும் வந்தது, மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. வழிப்போக்கர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சீமையில் மழை வருஷத்துக்கு ஒரு மாதந்தான். அந்த ஒரு மாதத்தில் அது தம்பியின் நெற்றி முடியைக் கரைக்கும், கன்னத்தைக் குழிக்கும், முதுகைச் சரிக்கும். தை பிறந்ததும் சடைச்சி புதுமண் குழைத்து எடுத்துப்போவாள். முடியைச் சுருட்டுவாள், கன்னத்தை நிரப்புவாள், முதுகை நிமிர்த்துவாள். “என் தம்பி முகத்தை மழைக்குக் குடுத்துருவேனா?” என்பாள். இப்படி இருபது வருஷம் போயிற்று. அவளுக்கு நரைத்தது. அவன் வயது மட்டும் பதினாறிலேயே நின்றது.

ஒரு பங்குனியில் உப்பு வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். முன்வழுக்கை, ஒட்டிய கன்னம், கூன். சிலையை நெடுநேரம் பார்த்தார்.

“யாரும்மா இது?”

“எந்தம்பிண்ணே. இன்னிக்கோ நாளைக்கோ வந்துருவான்.”

“அழகாத்தான் இருக்கான்.”

“பின்னே? ஒங்களாட்டம் எலும்பும் தோலுமாவா இருப்பான்?”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வண்டியேறிப் போய்விட்டார்.

மறுவருஷமும் வந்தார். சடைச்சி கூழ் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துக்கொண்டே கேட்டார்.

“தம்பி வந்தா அடையாளம் தெரிஞ்சிருமாம்மா?”

“நல்லாக் கேட்டீக போங்க! ஆயிரம் பேருக்கு நடுவுல நின்னாலும் சுருட்டை முடியை வச்சே இழுத்துட்டு வந்துருவேன்.”

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு எழுந்து போனார்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. சடைச்சிக்குப் புரியவில்லை.

அடுத்த மழையில் அவள் காய்ச்சலில் விழுந்தாள். தை போயிற்று. மாசி பிறந்துதான் எழுந்து நடந்தாள். மண்ணைக் குழைத்துக் கையில் ஏந்திக்கொண்டு பாறைமேட்டுக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சிலை மழை விட்டுவைத்தபடியே நின்றது. நெற்றி வழித்துவிட்டாற்போல் இருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. முதுகு வளைந்திருந்தது.

கன்னத்தில் அப்பப்போன கை அப்படியே நின்றுவிட்டது.

கூழ் குடித்துவிட்டுப் போனவர் அங்கே மண்ணுருவாய் நின்றுகொண்டிருந்தார்.

சடைச்சி மண்ணைக் கீழே போட்டாள். பாறைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். “அண்ணேன்னு கூப்பிட்டேனே, எந்தம்பிய அண்ணேன்னு கூப்பிட்டு அனுப்பிச்சிட்டேனே!”

பங்குனி வந்தது, உப்பு வண்டிகள் வந்தன. முதல் வண்டியில் அவன் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. சடைச்சி வண்டிக்காரரை மறித்தாள். இந்தமுறை வேறு அடையாளம் சொன்னாள்.

“முன்வழுக்கை, ஒட்டின கன்னம், கூன் முதுகு. சிரிச்சா இருமல் வரும். பாத்தீகளா?”

“அட, நம்ம இருமலாண்டியா? கணவாய்க்கு அந்தப் பக்கம் உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குக் காவல் இருக்கான். இனி இந்தத் தடத்துல வரமாட்டேன்னுட்டான். இங்க யாரும் தன்னைத் தேடலையாம்.”

சடைச்சி ஆடுகளைப் பத்திக்கொண்டு அந்த நேரமே மேற்கே கிளம்பினாள். சிலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள் நடந்தாள்.

கிட்டங்கி வாசலில் உப்பு மூட்டையில் சாய்ந்து அவன் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழ முயன்றான், முடியவில்லை. பழைய மரியாதையோடே கேட்டான்.

“வாங்கம்மா. ஒங்க தம்பி இன்னும் வரலையா?”

“வந்தான்யா. ரெண்டு தடவை வந்தான். நான்தான் அவனைப் பாக்கலை.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சடைச்சி அவன் எதிரில் உட்கார்ந்தாள். மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். நெற்றியை, கன்னத்தை, வளைந்த முதுகை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிரிந்துபோனவரை அன்றைய முகத்திலேயே தேடிக்கொண்டிருப்பவர், இன்றைய முகத்தோடு எதிரில் வந்து நிற்பவரைத் தவறவிட்டுவிடுவார்.