அச்சை வெட்டிய மாப்பிள்ளை

மந்தைக்குளத்து ஜனங்கள் மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டு ஓடுவார்கள். அப்பேர்ப்பட்ட அறிவாளிகளிலேயே பெரிய அறிவாளி நம்ம மொக்கச்சாமி.

பக்கத்து ஊர்க் கணக்கு வாத்தியார் சுந்தரவேலுவின் மகள் செங்கமலம் என்றால் அவனுக்கு உயிர். அவளுக்கும் அப்படித்தான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அந்தக் கணக்கு வாத்தியாருக்கே புரியவில்லை.

பெண் கேட்டு வந்தவனுக்கு வாத்தியார் சுவரில் 2x + 3y = 12 என்று எழுதிக் காட்டினார். "இந்தக் கோடு எக்ஸ் அச்சையும் ஒய் அச்சையும் எங்கே வெட்டுதுன்னு பாரு. ரெண்டு வெட்டுத்துண்டையும் கொண்டாந்தா பொண்ணு உனக்கு. இல்லேன்னா அரிசிமில்லுக்காரர் மகனுக்கு."

மொக்கச்சாமி கூட்டாளிகள் ஒச்சப்பனிடமும் வீரணனிடமும் ஓடினான்.

"அச்சுன்னா எந்த அச்சுடா? வெல்ல அச்சா?" என்றான் ஒச்சப்பன்.

"வெல்லத்தை வெட்டினா எறும்பு வரும். படிச்ச மனுசன் அப்படிச் சொல்வாரா? வண்டி அச்சுதான்," என்றான் வீரணன்.

"அவரு வீட்டுல ரெண்டு வண்டி நிக்குதே. எது எக்ஸு, எது ஒய்யி?" என்றான் மொக்கச்சாமி.

"அதை வண்டிகிட்டதான் கேக்கணும்," என்றான் ஒச்சப்பன்.

வாத்தியார் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். வண்டி வாய் திறக்கவில்லை. சரி, முதலில் கூண்டுவண்டி என்று முடிவு செய்து, அதன் மர அச்சில் சாக்பீஸால் கோடு போட்டு, அது வெட்டும் வெட்டும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். உச்சிவெயில் வந்தது. கோடு வெட்டுவதாக இல்லை.

"கோடு மொண்ணையா இருக்கு மாப்ளே!" என்றான் வீரணன்.

சாக்பீஸைக் கல்லில் தீட்டி, கூரான கோடு போட்டார்கள். அதுவும் வெட்டவில்லை. பாவம், கோட்டுக்கு உடம்புக்கு முடியவில்லைபோல என்று இரக்கப்பட்டு, ரம்பம் வைத்துக் கொஞ்சம் ஒத்தாசை செய்தார்கள். மடேர்! வண்டிக்குள் பகல்தூக்கம் போட்டிருந்த வாத்தியார் உருண்டு வந்து வெளியே விழுந்தார்.

"ஐயா, இந்தாங்க ஒரு வெட்டுத்துண்டு! மத்தது இப்ப ஆயிரும்!" என்றான் மொக்கச்சாமி.

வாத்தியார் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். செங்கமலம்தான் அவனைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள். "ஐயோ, என் மண்ணாந்தையே! எக்ஸைப் பூஜ்யமாக்கினா ஒய் கிடைக்கும், நாலு. ஒய்யைப் பூஜ்யமாக்கினா எக்ஸ் கிடைக்கும், ஆறு. இதை மட்டும் அப்பாகிட்ட ஒப்பிச்சிருங்க!"

மூச்சுவிடாமல் ஒப்பித்தான். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்தார்.

கல்யாணத்தன்று பட்டுவேட்டியில் பளபளவென்று நின்றவனை, கூட்டாளிகள் இழவு வீட்டு முகத்தோடு ஓரங்கட்டினார்கள்.

"மாப்ளே, எக்ஸும் ஒய்யும் சேர்ந்து இருந்தப்ப ஏதாச்சும் கிடைச்சுதா?" என்றான் ஒச்சப்பன்.

"இல்லியே."

"ஒண்ணு பூஜ்யமானப்பதானே இன்னொண்ணு கிடைச்சுது?"

"ஆமா."

"அப்ப நீ மணவறையில உக்காந்தா செங்கமலம் எப்படிடா கிடைப்பா?"

நல்லவேளை சொன்னார்கள்! கொஞ்சம் விட்டிருந்தால் பெண்ணைக் கோட்டைவிட்டிருப்பானே! இருவரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டான்.

முகூர்த்தம் நெருங்கியது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். வீரணன் பந்தல் நடுவே நின்று, "மாப்பிள்ளையைப் பூஜ்யமாக்கியாச்சு! பொண்ணைக் குடுங்க!" என்று கத்தினான். வாத்தியார் நாற்காலியோடு சாய்ந்தார். கூட்டத்தில் அரிசிமில்லுக்காரர் மகன் மெல்லத் தலை சீவத் தொடங்கினான்.

செங்கமலம் மாலையோடு தேடி ஓடினாள். வைக்கோலுக்கு வெளியே பட்டுவேட்டி நுனி தெரிந்தது.

"ஏங்க! எந்திரிச்சு வாங்க! முகூர்த்தம் போகுது!"

"செங்கமலம், கிடைச்சிட்டியா!" என்று உள்ளேயிருந்து குதூகலமாகக் குரல் வந்தது. "சத்தம் போடாதே. நான் இங்கே இல்லே."

"அப்ப எங்கதான் இருக்கீங்க?"

வைக்கோல் கொஞ்ச நேரம் யோசித்தது.

"முகூர்த்த நேரமாச்சே, மணவறையிலதான் இருப்பேன். நீ சீக்கிரம் ஓடு, என்னைக் காக்க வைக்காதே!"